ஆமாம் என்ற சொல்லை நம்பாத செவிலிக்கு

பெண்கள் வார்டின் பேரொளியே! சாவிக்கொத்தின் சத்தத்தால் சண்டையையும் சன்னக் குரலால் சலிப்பையும் சாய்த்த சாந்த நாயகியே! முப்பத்துமூன்று ஆண்டுகள் முகம் சுளிக்காமல், முதுகு வலிக்கிறதென்று முணுமுணுக்காமல், மூன்று ஷிப்டுக்கும் முதல் ஆளாய் வந்து நின்ற மூத்த செவிலியே! எங்கள் நிர்மலாதேவி அம்மையாரே!

தங்கள் பணிநிறைவு நாளாகிய இன்று, நம் மனநல மருத்துவமனையின் மருத்துவர்களும் செவிலியர்களும், வார்டு உதவியாளர்களும் சமையற்கூடத்தாரும், வாயிற்காவலர்வரை ஒருவர் விடாமல் எழுந்து நின்று தங்களை வணங்குகிறோம். “எதுக்கு நிக்கறீங்க, உக்காருங்க, டீ ஆறிப்போவுது” என்று தாங்கள் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. முப்பத்துமூன்று வருடம் தங்கள் பேச்சைக் கேட்டோம். இன்று ஒரு நாள் கேட்கப் போவதில்லை.

பாராட்டு மடல் என்றால் பண்புகளை அடுக்க வேண்டும். கனிவும் கண்டிப்பும் ஒரே கையில் இருந்தவர் தாங்கள். புயலில் ஊரே முடங்கிய நாளில், முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, நனைந்த புடவையோடு மாத்திரைத் தட்டை ஏந்தியவர். கட்டில்மேல் நின்று கத்துகிறவளிடம், “இறங்கு” என்று சொல்லாமல், “மேல ஒட்டடை இருக்கா பாத்துச் சொல்லு” என்று கேட்டு இறக்கியவர். இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பீர்கள். ஆகவே அவையோருக்கு ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். அதில் வருகிற நிர்மலாதேவி வேறு யாரோ என்று எண்ணிக்கொண்டு, எங்களோடு தாங்களும் கேட்டுக்கொண்டிருங்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், வீராம்பட்டினம் தேர் முடிந்த மறுவாரம். வைத்திக்குப்பத்துத் தனம் ஐந்தாம் முறையாக வார்டில் சேர்க்கப்பட்டிருந்தாள். வயது முப்பத்துநான்கு. இருபத்துமூன்று வயதில், அம்மா செத்த துக்கத்தில் சோறு தண்ணீர் மறந்து, அம்மா கூப்பிடுகிறாள் என்று கடற்கரையெல்லாம் ஓடியபோது முதல்முறை வந்தவள். குணமாகிப் போனாள். அதற்குப் பிறகு மாத்திரை முறை தவறுவதும், தூக்கம் கெடுவதும், கத்தி ஊரைக் கூட்டுவதும், இங்கே வந்து சேர்வதுமாகப் பதினோரு ஆண்டுகள் போயின. அவளுடைய கேஸ் பைலில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: ‘ஒத்துழைப்பதில்லை.’

இந்தமுறை அண்ணன் பஞ்சநாதன் ஒரு முடிவோடு வந்திருந்தார். ஊருக்கு வெளியே, வந்தவர்கள் வீடு திரும்பாத இல்லம் ஒன்று இருக்கிறது. தங்கையை அங்கே சேர்த்துவிடலாம் என்று விண்ணப்பம் கொடுத்துவிட்டார். இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் பார்க்கிற குழு வெள்ளிக்கிழமை கூடி முடிவு செய்யும். திங்கட்கிழமை காலை, நிர்மலாதேவியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கைகளைப் பிசைந்தார்.

“நான் என் தங்கச்சிய ஒரு நாளும் அடிச்சது கெடயாது சிஸ்டர். ஆனா வேணும்னே பண்றா. மாத்தர போட்டியான்னா போட்டேங்கறா. பாத்தா பாய்க்கு அடியில கெடக்குது.”

“எல்லா மாத்திரையுமா?”

“செலதப் போடறா, செலதப் போடறதில்ல. ஏன்னு கேட்டா மண்டைய ஆட்டறா. நான் விடிகாலம் கடலுக்குப் போனா, கரைக்கு வர்றதுக்கு மணி பத்தாவுது. வீட்டுல ரெண்டு பசங்க. இவள யாரு பாக்கறது?”

“இல்லத்துக்குப் போறதுக்கு அவ ஒத்துக்கிட்டாளா?”

“ஒத்துக்கிட்டா சிஸ்டர். கையெழுத்துகூடப் போட்டுட்டா. என்னவிட நல்லாப் போட்டா.”

நிர்மலாதேவி தாளைப் பார்த்தார். ‘தனம்’ என்ற மூன்றெழுத்து, புள்ளி பிசகாமல், கோடு கோணாமல், அழகாகத்தான் இருந்தது.

நம் பெண்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டவளிடம் ஒரு வாரம் டீப் பொறுப்பைக் கொடுப்போம். இருபத்திரண்டு பேருக்கும் பெயர்ப் பட்டியல் இருக்கும். யாருக்குச் சர்க்கரை போடலாம், யாருக்குப் போடக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ஒரு வாரம் பிசகாமல் கொடுத்துவிட்டால் அவள் தேறிவிட்டாள் என்று கணக்கு. யாரும் உத்தரவு போட்டு வந்த வழக்கம் அல்ல. எங்களுக்குள் எப்போதோ வந்து ஒட்டிக்கொண்டது. தனம் இந்தத் தேர்வில் முன்பே மூன்று முறை தோற்றவள். இல்லத்துக்குப் போகுமுன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அன்று மாலை நிர்மலாதேவி பட்டியலை அவள் கையில் கொடுத்தார்.

ஐந்தே நிமிடத்தில் வார்டு உதவியாளர் செல்வாம்பாளின் குரல் எழும்பியது.

“ஏண்டி தனம், லிஸ்ட்டு கையிலதான இருக்குது?”

“இருக்குதுக்கா.”

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“பாத்துட்டுமா அன்புசெல்விக்கு ரெண்டு கரண்டி சர்க்கரையக் கொட்டுன? அவளுக்குச் சர்க்கரை ஆவாதுன்னு இங்க சுவத்துக்கே தெரியும்.”

“ஆமாங்க்கா.”

“ஆமாவாம். வாய்ல வேற வார்த்தை வருதா பாரு.”

நிர்மலாதேவி பேனாவை எடுத்துவிட்டார். ‘ஒத்துழைப்’ என்றுகூட எழுதியாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தவருக்குக் கை நின்றது.

தனம் பட்டியலைச் சரியாகத்தான் பிடித்திருந்தாள், அரசு முத்திரை மேலே இருக்கும்படி. ஆனால் ஒவ்வொரு டம்ளரை எடுக்கும்போதும் அவள் பார்த்தது தாளை அல்ல, செல்வாம்பாளின் முகத்தை. அந்த முகம் கடுத்தால் டம்ளரைக் கீழே வைத்தாள். கடுக்காவிட்டால் நீட்டினாள். பட்டியல் அவள் கையில் வெறுமே இருந்தது.

“தனம், இங்க வா. இதுல அன்புசெல்வி பேரு எங்க இருக்குது, காட்டு.”

அவள் தயங்கவே இல்லை. சட்டென்று ஒரு வரியில் விரலை வைத்தாள். வைத்துவிட்டு நிர்மலாதேவியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். இரண்டுமே வேறு யாரோ பெயர்கள்.

“சரி. அந்தக் கடியாரத்தப் பாத்து மணி என்னன்னு சொல்லு.”

“டீ டைம்மா.”

நிர்மலாதேவிக்குச் சிரிப்பு வந்தது. பதில் சரிதான், ஆனால் கடிகாரத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அன்று காலைதான் கைவேலைக் கூடத்தில் ஒரு வாளிப் பாசிமணியைக் கவிழ்த்து, பெரிது, நடுத்தரம், பொடி என்று தனம் பிரித்துக் குவித்ததைப் பார்த்திருந்தார். மற்றவர்கள் ஒரு கைப்பிடி முடிப்பதற்குள் அவள் வாளியை முடித்துவிட்டாள். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் இறால் பிரிக்கிற கை அது. கவனம் இல்லாதவளுக்கு அந்த வேகம் வராது. பிடிவாதக்காரியாக இருந்தால், யாரும் சொல்லாமலே எஞ்சிய மணியைப் பொறுக்கிப் போட்டிருக்க மாட்டாள். அப்படியானால் இவளிடம் இல்லாதது ஒத்துழைப்பு அல்ல. வேறு ஏதோ ஒன்று.

மறுநாள் ரவுண்ட்ஸ். மருத்துவர் வெற்றிச்செல்வன் அன்பானவர், பொறுமையானவர். இதோ மேடையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விகளை முறையாகக் கேட்டார்.

“காதுல குரல் கேக்குதா தனம்?”

“கேக்குது சார்.”

“யாராவது உனக்குக் கெடுதல் பண்ணப் பாக்கறாங்களா?”

“பாக்கறாங்க சார்.”

“டிவியில உன்னப் பத்திப் பேசறாங்களா?”

“பேசறாங்க சார்.”

மருந்தின் அளவைக் கூட்டி எழுதப் பேனா இறங்கியது. நிர்மலாதேவி மெதுவாக முன்னால் வந்தார்.

“டாக்டர், நான் ஒண்ணு கேக்கலாமா? தனம், காலையில வார்டுக்குள்ள ஒட்டகம் வந்துச்சே, பாத்தியா?”

“பாத்தேம்மா.”

“எழுதாதீங்க டாக்டர். இப்ப நீங்க கேளுங்க. ஒட்டகம் வரலதானன்னு கேளுங்க.”

மருத்துவர் புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் கேட்டார். “ஒட்டகம் வரலதான, தனம்?”

“ஆமா சார், வரல.”

வாசலில் துடைப்பத்தோடு நின்ற செல்வாம்பாள் தலையை நீட்டினார். “இன்னா மதாம், வந்துச்சா வரலியா? அதுக்கும் சேத்து டீ போடணுமில்ல?”

வார்டே சிரித்தது. தனமும் சிரித்தாள். ஆனால் எல்லாரும் சிரிப்பதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு நொடி பிந்திச் சிரித்தாள். அந்த ஒரு நொடியைக் கண்டதால் நிர்மலாதேவி மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப இவளுக்கு நோயே இல்லேங்கறீங்களா சிஸ்டர்?” என்று மருத்துவர் வெளியே வந்து கேட்டார்.

“அப்படிச் சொல்லல டாக்டர். அம்மா செத்தப்ப வந்தது நோய்தான். ஆனா அதுக்கு அடியில பொறந்ததுலேர்ந்தே வேற ஒண்ணு இருக்குதுன்னு தோணுது. நாம மேல இருக்கறதயே பதினோரு வருஷமா தொடச்சிக்கிட்டு இருக்கோம்.”

பஞ்சநாதனை மறுபடி வரவழைத்தார்கள். இம்முறை தனத்தின் நோயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார்கள்.

“நடக்கறது பேசறது எல்லாம் லேட்டுதான் சிஸ்டர். பள்ளிக்கூடம் அஞ்சாவதுவரைக்கும் போனா. மூணாவதுல மட்டும் மூணு வருஷம். அமைதியா உக்காந்திருப்பா, அதனால டீச்சரும் ஒண்ணும் சொல்லல. மத்ததெல்லாம் எங்கம்மா பாத்துக்கும். எழுப்பி உடறது, குளிக்கச் சொல்றது, எதுக்கப்பறம் எதுன்னு சொல்றது எல்லாமே அம்மாதான்.”

நிர்மலாதேவிக்கு அப்போதுதான் முழுக்கணக்கும் புரிந்தது. அம்மா செத்தபோது துக்கம் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு நாளையும் சின்னச் சின்னதாக நறுக்கி மகள் கையில் கொடுத்துக்கொண்டிருந்த ஆளும் போய்விட்டாள். அதற்குப் பிறகு தனம் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பிழைக்கக் கற்றுக்கொண்டாள். ‘ஆமாம்’ என்றால் யாரும் திட்டுவதில்லை. அடுத்த கேள்வி வருவதில்லை.

மனநல ஆலோசகர் அபி இரண்டு நாள் உட்கார்ந்து முறையான சோதனைகளைச் செய்து முடித்தார். லேசான அறிவுத்திறன் குறைபாடு என்று முடிவு வந்தது. ‘லேசான’ என்ற சொல்தான் அத்தனை ஆண்டும் அதை மறைத்திருந்தது. அவள் சமைப்பாள், பேசுவாள், கையெழுத்துப் போடுவாள், சிரிப்பாள். யாருக்குச் சந்தேகம் வரும்?

“பைத்தியமும் இல்ல, திமிரும் இல்ல” என்று நிர்மலாதேவி பஞ்சநாதனிடம் சொன்னார். “ஒரே மூச்சுல நாலு வேலை சொன்னா அவளுக்குப் பிடிபடாது. ஒண்ணொண்ணா, காட்டிச் சொன்னா பிடிபடும்.”

பஞ்சநாதன் கைகளைப் பிசைவதை நிறுத்தினார். “அடிக்கலன்னு பெருமையா சொன்னேன் சிஸ்டர். திட்டாத நாளு இல்ல.”

பாய்க்கு அடியில் கிடந்ததென்று பஞ்சநாதன் எடுத்துவந்திருந்த மாத்திரைகளின் ரகசியமும் அன்றே வெளிவந்தது. எல்லாமே மஞ்சள் நிறம். ஏன் போடவில்லை என்று கேட்காமல், எது உன்னுடையது என்று நிர்மலாதேவி கேட்டார். “வெள்ளதாம்மா என்னுது. மஞ்சா யாருதோ” என்றாள் தனம். மருந்து அதேதான், வேறு கம்பெனியிலிருந்து வந்ததால் நிறம் மாறியிருந்தது. அடுத்தவர் மாத்திரையைத் தொடக் கூடாது என்று வார்டில் நாங்கள் சொல்லிக் கொடுத்ததை அவள் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள். ஒத்துழைப்பு என்றால் அதைவிட என்ன வேண்டும்?

காரணத்தைக் கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை அப்படியே இருந்தது. விண்ணப்பத்தில் அண்ணனுடைய சம்மதமும் இருக்கிறது, தனத்தின் அழகான கையெழுத்தும் இருக்கிறது. பஞ்சநாதன் இரண்டு மனமாக நின்றார். “அவ போறேன்னு சொல்லிட்டா நான் தடுக்க மாட்டேன் சிஸ்டர். அங்கயாவது நல்லா இருக்கட்டும்.” தனம் போறேன் என்றுதான் சொல்வாள் என்பது நிர்மலாதேவிக்குத் தெரியும்.

வியாழக்கிழமை அவருக்கு வார விடுமுறை. அந்த நாளில் தனத்தை அழைத்துக்கொண்டு வேனில் அந்த இல்லத்துக்கே போய், மாலைவரை அங்கே உட்கார வைத்துவிட்டு, அவளோடு திரும்பினார். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. குழுவின் தலைவர் ராமலிங்கம், நிறையக் கோப்புகளைப் பார்த்து முடித்த ஓய்வுபெற்ற அதிகாரி. கேள்வியை நேராகக் கேட்டார்.

“ஏம்மா தனம், இல்லத்துக்குப் போறியா?”

“போறேன் சார்.”

“சரி, முடிஞ்சிது. அடுத்தது.”

“முடியல ஐயா” என்றார் நிர்மலாதேவி. “வீட்டுக்குப் போறியான்னும் ஒரு வார்த்தை கேளுங்க.”

“வீட்டுக்குப் போறியாம்மா?”

“போறேன் சார்.”

ராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அப்ப இந்தப் பொண்ணு மனசுல என்ன இருக்குதுன்னு எப்படித்தான் தெரிஞ்சிக்கறது?”

“நம்ம மூஞ்சியப் பாத்துத்தான் பதில் சொல்றா. எல்லாரும் கொஞ்சம் மேசையப் பாருங்க ஐயா, அவளப் பாக்காதீங்க.”

மருத்துவர், அதிகாரி, அண்ணன் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நிர்மலாதேவி தனத்துக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் படிப்பதற்கு அந்த அறையில் ஒரு முகமும் இல்லை.

“நேத்து வேன்ல போனோமில்ல தனம், அங்க என்ன பாத்த?”

பதில் வரவில்லை. காற்றாடி சுற்றியது. ராமலிங்கம் உதவி செய்ய வாயெடுத்தார். நிர்மலாதேவி கையை மட்டும் உயர்த்தினார்.

“பெரிய கட்டிலு” என்றாள் தனம்.

“அப்பறம்?”

“சோறு போட்டாங்க. நல்லா இருந்துச்சு.”

“அப்பறம்?”

மறுபடியும் மௌனம். முன்னைவிட நீண்ட மௌனம்.

“எறா இல்ல” என்றாள் தனம். “அங்க பிரிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. எல்லாம் சும்மா உக்காந்துக்குனு கீறாங்க. நான் எங்க அண்ணங்கிட்ட எறா பிரிப்பேன். அங்க போவ மாட்டேன்.”

பதினோரு ஆண்டுகளில் அவள் சொன்ன முதல் மறுப்பு அது. பஞ்சநாதன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை; தோள் மட்டும் குலுங்கியது. “என் தங்கச்சிய நான் கூட்டிக்கிட்டுப் போறேன் சார். அந்தத் தாளக் கிழிச்சிடுங்க” என்றார்.

நிர்மலாதேவி அதோடு எழுந்துவிடவில்லை.

“இன்னொண்ணு ஐயா. இந்த பைல்ல ‘ஒத்துழைப்பதில்லை’ன்னு நெறைய எடத்துல இருக்குது. பாதிக்கு மேல என் கையெழுத்து. தப்பா எழுதிட்டேன். அடிச்சித் திருத்த அனுமதி குடுங்க.”

“பைல்ல அடிக்கக் கூடாதேம்மா.”

“அப்ப கீழ எழுதறேன்.”

எழுதினார். இன்றைக்கும் அது அங்கே இருக்கிறது: ‘நோயாளி ஒத்துழைத்தார். நாங்கள் புரியும்படிச் சொல்லவில்லை.’ கீழே தேதி, முழுப்பெயர், கையெழுத்து. பிறர் குற்றத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு மாலை போட்ட மேடைகள் நிறைய உண்டு. தன் குற்றத்தைத் தானே கண்டுபிடித்து, தானே எழுதி, தானே கையெழுத்திட்டவருக்கு இன்று நாங்கள் மாலையிடுகிறோம்.

சிவப்புத் துணியில் ஒரு பையும் நீலத் துணியில் ஒரு பையும் தைத்துத் தனத்திடம் கொடுத்தார். அண்ணன் படகு கரைக்கு வந்தால் சிவப்பு; தெருவிளக்கு எரிந்தால் நீலம். உள்ளே இருக்கும் மாத்திரை எந்த நிறத்துக்கு மாறினாலும் பை மாறாது. அந்தப் பைகளோடு போன தனம், இந்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட வார்டுப் படுக்கைக்குத் திரும்பி வரவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் அது ஒருத்தியின் அதிர்ஷ்டமாகப் போயிருக்கும். ஆனால் அதே மாதம், வார்டில் இருந்த இருபத்திரண்டு பேரின் பைலையும் நிர்மலாதேவி ஒவ்வொன்றாகப் பிரித்தார். யாருடைய ‘ஆமாம்’ யாரும் சோதித்துப் பார்க்காத ‘ஆமாம்’ என்று தேடினார். இன்னும் நான்கு பேர் கிடைத்தார்கள். பிடிவாதக்காரி என்று ஒருத்திக்கு, சோம்பேறி என்று ஒருத்திக்கு, நாங்கள் ஒட்டியிருந்த பெயர்கள் உதிர்ந்தன. டீப் பட்டியல் ஒழிந்தது. சர்க்கரை ஆகாதவர்களின் டம்ளரில் சிவப்பு நூல் கட்டப்பட்டது. பயிற்சிக்கு வரும் மாணவியர் இப்போது முதலில் கற்றுக்கொள்வது, அவர்கள் மொழியில், ‘ஒட்டகக் கேள்வி’. திருப்பிப் போட்டும் கேள், முகத்தை மறைத்துக் கேள், கேட்டுவிட்டுப் பொறு.

அம்மையாரே! கதை முடிந்தது, இனித் தாங்கள் ஜன்னலிலிருந்து திரும்பலாம்.

நேற்று முன்தினம் மாத்திரை வாங்கத் தனம் வந்திருந்தாள். செல்வாம்பாள் செய்தியைச் சொன்னார்.

“ஒங்க சிஸ்டர் வெள்ளிக்கிழமையோட ரிட்டையர்டு ஆவறாங்கடி. சந்தோஷமா அனுப்பி வைக்கலாமில்ல?”

தனம் செல்வாம்பாளின் முகத்தைப் பார்க்கவில்லை. மருந்துப் பையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

“மாட்டேன்” என்றாள்.

மகிழ்ச்சியோடு வழியனுப்புகிறோம் என்று இந்த மடலில் எழுதுவதுதான் மரபு. எங்களில் எவரைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வோம். மேடை முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். தங்களிடம் கற்ற தனம் ஒருத்திதான் உண்மையைச் சொன்னாள். ஆகவே மகிழ்ச்சியோடு என்ற சொல்லை இந்த மடலிலிருந்து எடுத்துவிட்டோம்.

தாங்கள் நூறாண்டு நோயின்றி வாழ்க! முழங்கால் வலி முற்றும் நீங்குக! காலை நடைக்குக் கடற்கரையும், மாலைக்குத் தங்கள் கையாலல்லாமல் பிறர் கையால் ஒரு டம்ளர் டீயும் நாள் தவறாமல் வாய்க்குக! இன்னும் ஒன்று. “சிஸ்டர், நாளைக்கு ஆள் இல்ல, ஒரு ஷிப்டு சேத்துப் பாக்கறீங்களா?” என்று முப்பத்துமூன்று ஆண்டுகளாக நாங்கள் கேட்டபோதெல்லாம், எங்கள் முகத்தைப் பார்த்துத் தாங்கள் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான். அந்த ‘ஆமாம்’களையும் நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் வருகிற வாரமும் எவராவது போன் செய்து கேட்கக்கூடும்.

அப்போது தாங்கள் தனத்தைப் போலப் பதில் சொல்வீர்களாக!

இங்ஙனம்,
தங்களிடம் கேட்கவும் காத்திருக்கவும் கற்றுக்கொண்ட
மருத்துவர்கள், செவிலியர்கள், வார்டு உதவியாளர்கள் மற்றும் அனைத்துப் பணியாளர்கள்,
பெண்கள் வார்டு, மனநல மருத்துவமனை,
புதுச்சேரி.